'வீட்டுக்காரர்' என்றால் யார்? எல்லையோரக் காப்பகம் ஒன்றில் மாணவர் பணி: நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சியில் பேருந்து ஏறி கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் வருகிறவருக்கு, செக்போஸ்ட்டைப் பார்த்தால்தான் மாநிலம் மாறியது தெரியும். இரண்டு பக்கமும் ஒரே தென்னந்தோப்பு, ஒரே பேச்சு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களில் வீட்டுக்குள் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. அதனால் அடி தாங்காமல் ஒரு பெண் பிள்ளையோடு வெளியேறும்போது அவளுடைய ரேஷன் கார்டு ஒரு மாநிலத்திலும் தாய்வீடு இன்னொரு மாநிலத்திலுமாக இருக்கும். பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் ஒரு பக்கம், அவள் போய் நிற்கிற காவல் நிலையம் மறுபக்கம்.

இப்படி வெளியேறும் பெண்கள் பிள்ளைகளோடு தங்குகிற காப்பகம் ஒன்று இந்தப் பகுதியில் உள்ளது. அதற்கு அருகிலுள்ள கல்லூரியின் மாணவர்கள் துணை நின்ற விதத்தை இங்கே ஆராய்கிறோம். ஊர், கல்லூரி, ஆட்கள் எவரையும் குறிப்பிடவில்லை. காப்பகத்தை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காகப் பல இடங்களில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்து, ஒரே மாதிரிக் காப்பகமாக எழுதியிருக்கிறோம். இதில் வரும் ஆட்களின் எண்ணிக்கையும் அந்த மாதிரிக்கு உரியது. சட்டமும் நடைமுறையும் உள்ளது உள்ளபடி.

காப்பகத்தில் 12 கட்டில்கள். ஒரு வார்டன், சமையலுக்கு ஒருவர், இரவுக் காவலுக்கு ஒருவர், வாரம் இரண்டு நாள் வரும் ஆலோசகர். தங்கியிருப்பவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுபவர்கள். பதிவேடு, படிவம், கடிதம் எல்லாமே மலையாளத்தில். பெண்கள் வருகிற வழி பலவாக இருக்கும்: 181 என்ற மகளிர் உதவி எண், மகளிர் பாதுகாப்பு அலுவலர், கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீ நடத்தும் ஸ்நேகிதா உதவி மையம், அல்லது வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு மையமான சகி எனப்படும் ஒன் ஸ்டாப் சென்டர். சகியில் பொதுவாக 5 நாள் வரைதான் தங்கலாம். அதற்கு மேல் தேவைப்படுகிறவர்கள் இப்படிப்பட்ட நீண்ட நாள் காப்பகத்துக்கு வருகிறார்கள்.

முதல் பருவத்தில் நடந்த பிசகு

தொடக்கம் நல்லெண்ணத்தில்தான். ஓணத்துக்கு முந்தைய வாரம் 38 மாணவர்கள் கல்லூரிப் பேருந்தில் வந்து இறங்கினார்கள். அரிசி மூட்டை, பழைய துணி மூன்று சாக்கு, கேக், பேனர். காப்பகப் பெண்கள் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று வார்டன் சொல்லியிருந்தார், மாணவர்களும் எடுக்கவில்லை. வாசலில் தங்களை மட்டும் குழுவாக ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே அது இன்ஸ்டாகிராமில் ஏறியது. மாணவர்களின் தலைக்கு மேலே, ஓரத்தில், எதிர்வரிசை ரேஷன் கடைப் பலகை. பலகையில் கடை எண்ணும் ஊர்ப் பெயரும்.

நான்காம் நாள் ஒருவர் பைக்கில் வந்து அந்த ரேஷன் கடையில் விசாரித்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அரைமணி நேரப் பயணம்தான். அன்றிரவே ஒரு பெண்ணையும் இரண்டு பிள்ளைகளையும் வேறு மாவட்டத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மூத்த பிள்ளை புதுப் பள்ளியில் சேர்ந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

முகம் தெரியாவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காப்பகத்தின் முதல் பாதுகாப்பு அதன் இருப்பிடம் வெளியே தெரியாமல் இருப்பது. தங்கியிருக்கும் பெண் கேட்டுக்கொண்டால் அவள் அங்கே இருப்பதை வெளியிடக் கூடாது, யார்மீது புகாரோ அவருக்குத் தெரிவிக்கவும் கூடாது என்று குடும்ப வன்முறைப் பாதுகாப்பு விதிகள் (2006), விதி 16 சொல்கிறது. புகார் அறிக்கை இன்னும் பதிவாகவில்லை என்ற காரணத்தால் இடம் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. இந்த இரண்டையும் வார்டன் காப்பாற்றிவிடுவார். ஆனால் வந்துபோன 38 பேரின் கைப்பேசிகளை அவரால் கட்டிக்காக்க முடியாது.

பழைய துணிச் சாக்குகளைப் பிரித்துப் பார்க்கவே சமையல் அக்காவுக்கு இரண்டு நாள் போனது. பொத்தான் இல்லாத சட்டை, யாருக்கும் பொருந்தாத ரவிக்கை, சாயம் போன பட்டு. அன்றைக்கு உள்ளே உண்மையில் இல்லாமல் இருந்தது புது உள்ளாடைகள். அதை யாரும் கேட்கவும் இல்லை, கொண்டுவரவும் இல்லை.

ஆளைக் குறைத்து, கிழமையை நிறுத்தி

அடுத்த பருவத்துக்கு வார்டனும் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரும் உட்கார்ந்து திட்டத்தை மாற்றினார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். இந்தக் கணக்கு காப்பகத்துக்குப் பொருத்தமானது. வாரம் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம் வீதம், ஒரே ஆள் அதே இரண்டு கிழமைகளில் வந்தால் இரண்டு பருவத்தில் 100 மணி நேரத்தை நெருங்கிவிடலாம். மீதி 20 மணி நேரம் பயிற்சிக்கு. 38 பேர் ஒருமுறை வருவதால் ஆகாத காரியம் 9 பேர் ஓராண்டு முழுக்க வந்தால் ஆகும்.

அந்த 9 பேரில் உள்ளே வருகிறவர்கள் 4 பெண்கள் மட்டும். மற்ற ஐவரும், அதில் மூன்று ஆண்கள், காப்பகத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. புதிதாக வரும் பெண்களுக்கான பைகள் தயாரிப்பது, படிவ மாதிரிகள் எழுதுவது, பாடநூல் தேடுவது, கடைக் கணக்கு ஆகியவற்றைக் கல்லூரியிலேயே செய்தார்கள். இடம் தெரியாமல் வேலை செய்வதை ஆண் மாணவர்கள் முதலில் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்றாலும் ஓணப் படத்தின் கதையைக் கேட்ட பிறகு பேச்சு எழவில்லை.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். உள்ளே இருக்கும் பெண்ணின் நாத்தனார் பக்கத்து உறவு, வரும் மாணவியின் சித்தப்பா வீட்டில் இருக்கலாம். இதற்காக ஒவ்வொரு மாணவியும் ஒரு தாளில் தன் சொந்த ஊர், அம்மாவின் ஊர், அப்பாவின் ஊர், மணமாகிப்போன அக்கா அத்தைகளின் ஊர் என்று எழுதி, மூடிய உறையில் வார்டனிடம் தருகிறாள். புதிதாக ஒரு பெண் காப்பகத்துக்கு வந்ததும் வார்டன் அந்தத் தாள்களைப் பார்க்கிறார். ஏதாவது ஒட்டினால் அந்த மாணவிக்கு வருகிற செய்தி இவ்வளவுதான்: "இந்த மாசம் உனக்கு வெளி வேலை." காரணம் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. காரணம் சொன்னாலே இன்ன ஊர்ப் பெண் உள்ளே இருக்கிறாள் என்று சொன்னதாகிவிடும். ஓராண்டில் இரண்டு முறை இப்படி மாற்ற நேர்ந்தது.

வந்து போகும் முறையிலும் கவனம் வேண்டும். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடாமல், முந்தைய நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவது. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. கொண்டுவந்தால், பேருந்தில் ஏறும்போதே இருப்பிடப் பதிவை அணைத்து, கேட்டில் உள்ள பெட்டியில் வைப்பது. தெருமுனைக் கடையில் ஜி-பே செய்வதில்லை, சில்லறை கொடுப்பது. கேட் பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண்.

வாய்ச்சொல் தாளில் ஏறும்போது

மாணவர் பணியில் வேறு எவராலும் ஈடு செய்ய முடியாத பகுதி மொழி. தவறினால் அதிகம் கெடுவதும் அதில்தான்.

குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. உடல், பாலியல் வன்முறைகளோடு சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமையையும், பணத்தை முடக்குவதையும் அது வன்முறை என்கிறது. எல்லையோரப் பெண்களுக்கு அந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பெரிய ஆறுதல். பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். உடுமலைப்பேட்டையில் அடி வாங்கிய பெண் சித்தூர் பக்கம் தங்கியிருந்தால், வழக்குக்காக அந்த ஊருக்கே திரும்பிப் போக வேண்டியதில்லை. கணவர் வீட்டுக் கொடுமை பற்றிய குற்ற வழக்கையும் தஞ்சம் புகுந்த இடத்தில் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ரூபாலி தேவி வழக்கில் தெளிவாக்கியது. "உன் ஊர் ஸ்டேஷனுக்குப் போம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கு இந்த ஒரு தகவலே பாதி வழி.

ஆனால் மனு போகிற நீதிமன்றம் கேரளத்தில். வீட்டில் நடந்ததைப் பாதுகாப்பு அலுவலர் படிவம் 1-இல், அதாவது டி.ஐ.ஆர். என்று எல்லோரும் சொல்லும் அறிக்கையில், மலையாளத்தில் எழுதுகிறார். சொல்கிற பெண் தமிழில் சொல்கிறாள். அலுவலருக்கும் தமிழ் "கொஞ்சம் தெரியும்." இந்தக் கொஞ்சத்தில்தான் ஆபத்து.

ஒரு பெண் சொன்னாள்: "வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்து அடிச்சாரு." தமிழில் வீட்டுக்காரர் என்றால் கணவர். மலையாளத்தில் 'வீட்டுகார்' என்றால் வீட்டில் உள்ளவர்கள், குடும்பத்தார். அறிக்கையில் 'குடும்பத்தார் அடித்தார்கள்' என்று ஏறியது. எதிர்மனுதாரராகக் கணவர் பெயரோடு மாமனார், மாமியார், கொழுந்தன் பெயர்களும் சேர்ந்தன. அந்த மாமியார்தான் அன்றிரவு பின்கதவைத் திறந்து மருமகளை வெளியே அனுப்பியவர். நீதிமன்றத்தில் இது கிளம்பியிருந்தால் அவளுடைய சொல் எல்லாமே பொய் என்று வாதிடக் கணவர் தரப்புக்கு ஒரு வரி போதும்.

இன்னொன்று: "அவருக்கு இன்னொரு சம்சாரம் இருக்குதுங்க." தமிழில் சம்சாரம் மனைவி. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. இன்னொரு மனைவி இருக்கிறாள் என்ற முக்கியமான செய்தி, ஊரில் வேறொரு பேச்சு இருக்கிறது என்று நீர்த்துப் போனது. 'தள்ளினார்' என்பதும் அப்படித்தான். அவசரத்தில் சொல்லும்போது மலையாளக் காதுக்கு அது 'தல்லி', அடித்தார், என்று விழலாம். மாடிப்படியில் தள்ளியதும் கையால் அடித்ததும் ஒன்றல்ல. மருத்துவச் சான்றோடு அது ஒத்துப்போக வேண்டும்.

கல்லூரிக் குழு இதற்காக ஒரு சொற்பட்டியல் தயாரித்தது. இரண்டு மொழியிலும் ஒரே ஒலி, வேறு பொருள் உள்ள சொற்கள், உறவுப் பெயர்கள், உடல் உறுப்புகள், அடிக்கப் பயன்பட்ட பொருள்களின் பேச்சுப் பெயர்கள். நான்கு பக்கம் வந்தது. கரண்டி, தோசைக் கரண்டி, விறகு, தென்னை மட்டை, பெல்ட், ஒயர் என்று எழுதிக்கொண்டே போகும்போது அந்த மாணவர்கள் அமைதியாகிவிட்டார்கள். பட்டியலைப் பாதுகாப்பு அலுவலர் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். காப்பகத்தைப் பார்க்காத மாணவர்கள் செய்த வேலை இது. எங்கள் மதிப்பீட்டில் அந்த ஆண்டின் மிகப் பயனுள்ள வேலையும் இதுவே.

நேரில் மொழிபெயர்க்க எல்லா மாணவிகளையும் விடவில்லை. சமூகப்பணி முதுகலை படிக்கும் ஒருவர் மட்டும், ஆறு மாதம் மற்ற வேலைகளைச் செய்து பழகிய பிறகு, ரகசியம் காக்கும் உறுதிமொழியில் கையெழுத்திட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கொடுத்த விதிகள் சில. அவள் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல். சுருக்காதே. அசிங்கமான சொல்லை நாசூக்காக்காதே, கணவர் சொன்ன வசவு எதுவோ அதுவே பதிவாக வேண்டும். புரியாவிட்டால் அவளிடமே திரும்பக் கேட்கிறேன் என்று அலுவலரிடம் சொல்லிவிட்டுக் கேள். எழுதி முடித்ததும் முழு அறிக்கையையும் தமிழில் அவளுக்கு வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க விடாதே. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடியுங்கள், இருவரும். அன்று மாலை அந்த மாணவி ஆலோசகரிடம் பதினைந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது கட்டாயம்.

வழக்கறிஞருக்குக் காசு வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். மனு வந்த நாளிலிருந்து சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். "ரெண்டு மாசத்துல முடிஞ்சுரும் அக்கா" என்று மாணவிகள் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இதைப் பயிற்சியில் சொல்கிறோம்.

ஓ.டி.பி. யாருக்குப் போகிறது?

பெரும்பாலான பெண்கள் கையில் எந்தத் தாளும் இல்லாமல்தான் வருவார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, தமிழ்நாட்டுப் போலீசில் முன்பே கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகையோ போட்டோவோ, கொண்டுவந்த நகையின் பட்டியல். எது இருக்கிறது, எது இல்லை, எது யாரிடம் இருக்கிறது என்று மூன்று பத்தியில் ஒரு தாள் போடுவது மாணவியின் வேலை.

முதல் பிசகு இங்கே வெகு சுலபமாக நடக்கும். "ஆதார்தானே, டவுன்லோட் பண்ணிரலாம்" என்று மாணவி எண்ணைத் தட்டுகிறாள். ஓ.டி.பி. போகிறது. போகிற எண் கணவருடையது. வீட்டில் ஒரே போன், ஆதாரோடு இணைந்த எண் அவர் கையில். அவள் எங்கோ உயிரோடு இருந்து காரியம் பார்க்கிறாள் என்ற செய்தி அந்த நொடியே அவருக்குப் போய்விடுகிறது. கூட்டுக் கணக்கு ஏ.டி.எம். கார்டும் அப்படித்தான். ஐநூறு ரூபாய் எடுத்தாலும் குறுஞ்செய்தி அவருக்கு, சில வங்கிகளின் செய்தியில் எந்த இயந்திரம் என்பதும் வரும்.

அதனால் வரிசையை இப்படி மாற்றினார்கள். இணையத்தில் எதையும் தொடும் முன் 'இணைந்த எண் யாரிடம்?' என்று கேட்டுத் தாளில் குறிப்பது. அவருடையது என்றால் நிறுத்திவிடுவது. பிறகு வார்டன் துணையோடு, ஊரை விட்டுத் தள்ளியுள்ள ஆதார் மையத்துக்கு அவளை நேரில் அழைத்துப் போய், கைரேகை வைத்துப் புது எண்ணை இணைப்பது. புது எண்ணில் அவள் பெயரில் தனி வங்கிக் கணக்கு. அதற்குப் பிறகே மற்றவை. முழுதாக முடிய மூன்று நாலு வாரம் ஆகிறது. அவசரப்பட்டால் பத்து நிமிடத்தில் எல்லாம் கெட்டுவிடும்.

அவளுடைய போனை மாணவி தொடுவதில்லை. 'சுத்தம் செய்து தருகிறேன்' என்று ரீசெட் செய்தால், கணவர் அனுப்பிய மிரட்டல் குரல் பதிவுகளும் சேர்ந்து அழியும். அவை சாட்சியம். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழோடு நீதிமன்றத்தில் வைக்கலாம். இருப்பிடம் பகிர்கிறதா, வேறொருவர் கூகுள் கணக்கில் ஓடுகிறதா என்பதை வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு ஆலோசகர் பார்ப்பார்.

அடிக்கடி வருகிற கேட்பு ஒன்று உண்டு. "கண்ணு, ஒரே ஒரு போன் போட்டுக்கறேன், உன் போனைக் குடேன்." இரக்கப்பட்டுக் கொடுத்தால் மாணவியின் எண் அந்த வீட்டுக்குப் போய்விடும், அன்றிரவே அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். பயிற்சியில் பதிலைச் சொல்லிப் பழக வைத்தார்கள்: "என் போன் கேட்லயே இருக்குதுங்க அக்கா. ஆபீஸ் போன்ல பேசலாம், வார்டன் மேடம்கிட்ட நான் கூட வரேன்." மறுப்பு அவள் காதில் மறுப்பாக விழாமல், துணையாக விழ வேண்டும்.

பிள்ளைகள்

மாலை 5 மணி முதல் 6.30 வரை பாடம். செவ்வாயும் வெள்ளியும், அதே இரண்டு அக்காக்கள்.

தமிழில் யாரும் 'போகிறேன்' என்று விடைபெறுவதில்லை, 'வரேன்' என்றுதான் சொல்வோம். காப்பகப் பிள்ளைகள் அந்த 'வரேன்' என்ற சொல்லில் பலமுறை ஏமாந்தவர்கள். ஆகவே மாணவிகளுக்குச் சொல்லப்பட்டது: வெறும் 'வரேன்' வேண்டாம், "செவ்வாய்க்கிழமை வரேன்" என்று கிழமையோடு சொல், சொன்னால் வா. தேர்வு, காய்ச்சல் என்று வர முடியாவிட்டால் முந்தைய நாளே வார்டன் வழியாகச் சொல்லி அனுப்பு. சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டி, வரும் நாள்களில் பிள்ளைகளே வட்டம் போட்டார்கள். கல்லூரித் தேர்வு மாதம் முன்கூட்டியே காலியாகக் காட்டப்பட்டது. ஒரு சிறுமி அந்தக் காலி வாரங்களை மட்டும் பென்சிலால் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

பாடத்திலும் எல்லை குறுக்கிடுகிறது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளை இங்கே தமிழ்வழிப் பள்ளியில் சேர்ந்தாலும் புத்தகம் கேரளப் பாடத்திட்டத்துப் புத்தகம். மொழி அதே, பாடங்களும் வரிசையும் வேறு. அதோடு மலையாள எழுத்தும் சேர்கிறது. மாணவர்கள் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக் கணக்கில் எந்தெந்தப் பகுதி விட்டுப்போகிறது என்று வகுப்புவாரியாகக் குறித்துக் கொடுத்தார்கள். முதல் மாதம் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கிலிருந்தே தொடங்கினார்கள். வந்த புதிதில் ஒரு பிள்ளை எதிலாவது ஜெயிக்க வேண்டும்.

சேர்க்கைக்கு மாற்றுச் சான்று இல்லை என்று மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 அதைத் தெளிவாகச் சொல்கிறது: சான்று வரத் தாமதமானாலும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இ.எம்.ஐ.எஸ்., கேரளத்தில் சம்பூர்ணா என்று மாணவர் பதிவு இரண்டு இடத்தில் இருப்பதால் கிளார்க் இழுத்தடிப்பார். பழைய பள்ளிக்கு மாணவியோ அம்மாவோ போன் செய்து கேட்கவே கூடாது. பாதுகாப்பு அலுவலரின் கடிதம் வழியாக, புதுப் பள்ளியின் பெயர் இல்லாமல் கேட்பதே முறை. 'எந்த ஸ்கூலுக்கு மாத்தறாங்க?' என்று அப்பா வந்து கேட்டால் அங்கே சொல்ல எதுவும் இருக்கக் கூடாது.

வீட்டுப்பாடத்தில் 'என் குடும்பம்', 'என் வீடு' என்று கட்டுரை வந்தால் மாணவிகள் தாங்களாகத் தூண்டுவதில்லை. பிள்ளை எழுத விரும்பினால் எழுதட்டும், இல்லாவிட்டால் 'என் பள்ளி' எழுதலாமா என்று டீச்சரைக் கேட்கலாம். ஸ்கேலைக் கையில் ஓங்கிப் பிடித்துச் சொல்லிக்கொடுக்காதே. கதவை அடித்துச் சாத்தாதே. ஒரு பையன் மற்றவனை அடித்தால் 'உங்கப்பா மாதிரியே இருக்கியே' என்ற சொல் எந்தக் காரணத்தாலும் வாயில் வரக் கூடாது.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால் வழி ஒன்றுதான். குறுக்கே கேள்வி கேட்காமல் கேட்பது, 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாமல் இருப்பது, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதிக்கொள்வது, அன்றே வார்டனிடம் சொல்வது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடமை மாணவிக்கும் உண்டு. மறுநாளும் நடவடிக்கை இல்லாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளே கூப்பிட வேண்டும்.

பை

கல்லூரியிலேயே வேலை செய்த வெளிக்குழு மாதம் 6 பைகள் தயார் வைத்தது. ஒரு பைக்குள்: ஃப்ரீ சைஸ் நைட்டி 2, துண்டு 1, சோப்பு குளிக்க ஒன்று துவைக்க ஒன்று, பல் துலக்கி, பற்பசை, சீப்பு, பேன் சீப்பு, சிறு தேங்காய் எண்ணெய் பாட்டில், சானிட்டரி நாப்கின் 2 பாக்கெட், ஹேர்பின், போர்வை, பேனா, 80 பக்க நோட்டு, இரண்டு சாவியுள்ள சிறு பூட்டு. உள்ளாடை பைக்குள் இல்லை. தனி அலமாரியில் புதிதாக அளவுவாரியாக இருக்கும், அவளே பார்த்து எடுத்துக்கொள்வாள். ரப்பர் செருப்பும் 6, 7, 8 என்று அப்படியே. பிள்ளைகளுக்குத் தனிப் பை: வயது எழுதி, இரண்டு உடை, ஒரு பொம்மை அல்லது வண்ணப் பென்சில்.

பூட்டு எதற்கு என்று நன்கொடை தந்த ஒருவர் கேட்டார். தன் பெட்டி, தன் சாவி என்று ஒன்று இத்தனை வருஷத்தில் அவளுக்கு இருந்திருக்காது. சம்பளக் கவர்கூடக் கைக்கு வந்திருக்காது. ஒரு சாவியை அவள் தாலிக்கயிற்றிலோ கழுத்துச் சங்கிலியிலோ கோத்துக்கொள்வதைப் பலமுறை பார்க்கலாம். இரண்டாவது சாவியும் அவளிடமே இருக்கும். வார்டன் வாங்கி வைப்பதில்லை.

பிறந்தநாளுக்கும் திதிக்கும் 'நாங்களே வந்து பரிமாறுகிறோம்' என்கிறவர்களை மாணவர்கள்தான் பேசித் திருப்பினார்கள். பணத்தை மளிகைக் கடையில் கட்டிவிட்டால் அரிசியும் பருப்பும் வழக்கமான சரக்கோடு போய்ச் சேரும், ரசீது உங்கள் கைக்கு வரும் என்று சொன்னதும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். சாப்பிடுகிறவளை நிற்க வைத்துப் பார்த்தால்தான் புண்ணியம் என்று பிடிவாதம் பிடித்தவர்களின் பணம் வேண்டாம் என்று விடப்பட்டது. அது சரியான முடிவு.

அவள் திரும்பிப் போகும்போது

மாணவிகள் உடைந்துபோன இடம் இதுதான். நாலு மாதம் கூட இருந்து, ஆதார் மாற்றி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு, மாமா வந்து பேசினார், ஊர்ப் பெரியவர்கள் உறுதி கொடுத்தார்கள் என்று ஒரு பெண் கணவரிடமே கிளம்பினாள். ஒரு மாணவி கதவருகே நின்று, "அக்கா, வேண்டாங்க அக்கா" என்று அழுதுவிட்டாள். அந்த அழுகையில் இருந்த அன்பு உண்மையானது, ஆனால் அதன் விளைவு மோசமாக இருக்கக் கூடும். மறுபடி அடி விழுந்தால், அழுத அந்த மாணவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று வெட்கப்பட்டே அவள் திரும்பி வராமல் இருந்துவிடுவாள்.

பிறகு முறை மாறியது. கிளம்புகிறேன் என்றதும் ஆலோசகர் தனியாகப் பேசுவார். மாணவிக்கு மூன்று வேலை. எல்லாத் தாளுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்று அவளுக்கு, அவள் சம்மதித்தால் ஒன்று காப்பகத்தில். 181, அவசர உதவிக்கான 112 இரண்டையும் எழுதித் தராமல், மனப்பாடம் ஆகும்வரை அவளோடு சொல்லிப் பார்ப்பது. காப்பகத்து எண்ணை அவள் பாதுகாப்பாக நினைக்கும் ஒருவர் பெயரில், அது தையல்காரர் பெயராகவோ பால்காரர் பெயராகவோ இருக்கலாம், போனில் ஏற்றித் தருவது. பிள்ளையின் நோட்டில் கடைசியாகப் படித்த பக்கத்தில் ஒரு தாளை மடித்து வைப்பது என்பதை மாணவிகளே நான்காவதாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

காப்பகத்தில் நிற்கும் நகல்கள் பழுப்பு உறையில், ஒட்டப்பட்டு, இரும்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. உறைமேல் பெயர் கிடையாது, பதிவேட்டு எண் மட்டும். ஏப்ரலில் அந்த ஆண்டு மாணவிகள் விடைபெற்று, ஜூனில் புதியவர்கள் வந்தபோது கைமாறியவை சொற்பட்டியல், பைக் கணக்கு நோட்டு, புது நாள்காட்டி. அலமாரிச் சாவி மட்டும் வார்டனிடமே இருந்தது. அந்த ஆகஸ்டில் ஓர் இரவு 11 மணிக்கு மேல் அவர் அலமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.